நான்கு கேமராக்களும் ஒரு கரகமும்

தொலைக்காட்சியில் பெரிய நிகழ்ச்சி எதையாவது காட்டும்போது, பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறைவதைப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இரண்டு வீடுகளில்தான் டிவி இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கிரிக்கெட்டைப் பார்க்கப் போய், ஆட்டத்தை விட்டுவிட்டு நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கும் படத்தில் என்னதான் விழும் என்று தோன்றும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும்போது விடை கிடைத்தது. சின்ன கேமராவின் பிளாஷ் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் எதையும் வெளிச்சமாக்காது. படத்தில் விழுவது முன்வரிசைக்காரரின் பின்மண்டைதான். அதன் பிறகு கொஞ்ச காலம் அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். என் தங்கை டிவியில் ஆடிய பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

எங்கள் சந்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கார்ப்பரேஷன் வேலைக்காரர்கள். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். சந்தின் முனையில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் உண்டு. பங்குனித் திருவிழாவில், பொழுது சாயும் நேரத்தில், சந்துப் பெண் ஒருத்தி பூங்கரகம் எடுப்பாள். பூச்சுற்றிய பித்தளைக் குடத்தைத் தலையில் ஏற்றி, கையால் தொடாமல், கொச்சங்காடி திருப்பம் வரை ஆடிப் போய்த் திரும்பி வர வேண்டும். தெரு விளக்கு இல்லாத காலத்தில் தொடங்கிய வழக்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. கரகக்காரிக்கு முன்னால் ஒருவர் ராந்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார். விளக்கு அவள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அவள் அதை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டாள். கண் நகர்ந்தால் கழுத்து நகரும், கழுத்து நகர்ந்தால் குடம் நகரும்.

ராந்தல் பிடிப்பவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பழுது பார்க்கும் வேலை. அப்பா இறந்த பிறகு எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். கரகம் எடுப்பவள் என் தங்கை. பதினைந்து வயதிலிருந்தே அவள்தான். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் நின்று, யாருடைய வீட்டிலிருந்தோ வந்த மர யானைகளையும் கண்ணாடிகளையும் நாள் முழுக்கத் துடைப்பாள். வருடத்தில் ஒரு மாலை மட்டும் சந்து முழுவதும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அந்த ஒரு மாலைக்காகத்தான் மற்ற நாட்களில் அவள் அவ்வளவு அமைதியாக இருந்தாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மலையாளச் சேனல்களில் திறமைப் போட்டிகள் பெருகின. கடைக்கு வந்த ஒருவர் சொல்லி, தங்கை ஒரு போட்டிக்கு மனுப்போட்டாள். தேர்வும் ஆனாள். கோயில் கமிட்டியில் கேட்க வேண்டியிருந்தது. கமிட்டித் தலைவர் கார்ப்பரேஷனில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லோருக்கும் மேஸ்திரிதான்.

"டிவியிலே ஆடட்டும், தப்பில்லே," என்றார் அவர். "ஆனா கரகம் தரையிலே படக் கூடாது. பட்டா பங்குனிக்கு வேற பொண்ணு."

"கோயில் குடத்தையா எடுத்துட்டுப் போறோம் மேஸ்திரி? கடையிலே வாங்கற குடம்," என்றார் சித்தப்பா.

"எந்தக் குடமானா என்ன? தலையிலே ஏத்திட்டா கரகம்தான்."

தங்கை தலையாட்டினாள். இவ்வளவும் எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்போது நான் ஆலுவா பக்கம் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். வார நாட்களில் அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவேன். படப்பிடிப்பு ஒரு வியாழக்கிழமை. எனக்கு லீவு கிடைக்கவில்லை.

மறுநாள் ஹாஸ்டல் போனுக்கு அம்மா பேசினாள். "விழுந்துடுச்சுடீ," என்றாள். குடம் விழுந்ததா, தங்கை விழுந்தாளா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சந்து முழுக்கக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது. மேடைத் தரை பளிங்கு மாதிரி வழுக்குகிறது. ஏசிக் குளிரில் கழுத்து விறைத்துவிட்டது. புதுக் குடத்தின் அடி சரியில்லை. நடுவராக வந்திருந்த நடிகையின் கண் பட்டுவிட்டது. எனக்கு எதையும் வரிசை போட்டுப் பார்க்கும் பழக்கம். பழுதான பெட்டி ஒன்று மேசைக்கு வந்தால், காரணமாக இருக்கக்கூடியவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருவதுதான் என் வேலை. இந்த நான்கையும் மனதில் வரிசை போட்டுக்கொண்டு தங்கையிடம் கேட்டேன்.

"ஆமா, வழுக்கிச்சு," என்றாள். கேட்டவருக்கெல்லாம், அவரவர் சொன்ன காரணத்துக்கே ஆமாம் என்றாள்.

ஜனவரியில் அது ஒளிபரப்பாயிற்று. ஞாயிறு மாலை. அம்மாவுக்கு டிவியைப் போடவே மனமில்லை. ஆனால் அன்று அரங்கத்துக்குப் போனவர்கள் எல்லோரும் சித்தப்பாவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தாங்கள் டிவியில் வருவதைப் பார்க்க வேண்டும். விழுந்த இடத்தை வெட்டியிருப்பார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. தங்கை அடுக்களை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

மேடையில் அவள் வந்தாள். வீட்டில் பார்த்த முகமாக இல்லை, திருவிழா முகம். பம்பையும் நாதஸ்வரமும் பதிவு செய்த ஒலியில் வந்தன. நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு காட்சி பார்வையாளர் பக்கம் மாறியது. இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. அடுத்து, சற்றுத் தள்ளி இன்னொன்று.

"தா, நம்ம வரிசை," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "ரெண்டாவது என்டெ லைட்டு, பாத்தியா?"

"உன் லைட்டா? நீ பெருவிரலை மேலே வெச்சுக்கிட்டுல்ல அடிச்சே," என்றார் சித்தப்பா.

"ஆமா, நீங்க பெரிய போட்டோகிராபர். கண்ணு வைக்கற ஓட்டையிலே மூக்கை வெச்சுட்டு இருந்தீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "என்ன லைட்டு?" என்று நான் கேட்டேன்.

சித்தப்பா பெருமையாகவே சொன்னார். முதல் நாளே அரங்கத்துக்குப் போய் வாசலில் விசாரித்திருக்கிறார். ராந்தல் கூடாது. டார்ச்சும் கூடாது. குடை, தீப்பெட்டி, தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. "கேமரா கொண்டுவரலாமான்னு கேட்டேன். வாசல்லே நின்ன சேட்டன் பறஞ்சான், தாராளமா கொண்டுவாங்க, பளிச் பளிச்னு அடிச்சா டிவியிலே பாக்க ஜோராயிருக்கும்னு. பிள்ளை முன்னாலே வெளிச்சம் இல்லாம எப்படி ஆடும்? அதான் நாலு கேமரா ஏற்பாடு பண்ணேன். ஒண்ணு அடிச்சா திரும்பச் சார்ஜ் ஏற நேரமாகுது. அதுக்குள்ளே அடுத்தது. அது அணையறதுக்குள்ளே மூணாவது. அவ ஆடி முடிக்கற வரைக்கும் வெளிச்சம் விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். ஒரு தடவைகூட விடலே, கேட்டோ."

தெருவிளக்குக்காரரின் ஏற்பாடு. ஒரு தூண் அணைந்தாலும் தெரு இருட்டாகக் கூடாது. அதில் எந்தப் பிசகும் இல்லை, வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதைத் தவிர.

டிவியில் தங்கையின் முகம் பக்கத்தில் வந்தது. நான் தரையைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் பார்த்தேன். அது இடது ஓரத்துக்குப் போனது. அங்கிருந்து கொஞ்சம் வலப்பக்கம். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு சட்டென்று மறுபடியும் இடது ஓரம். ஒரு வரிசையை எண்ணுவதுபோலக் கண்கள் போய் வந்தன. கண்ணைத் தொடர்ந்து முகமும் நூலளவு திரும்பியது. மூன்றாவது சுற்றில் குடம் சாய்ந்தது. அவள் கைகளைத் தூக்கவில்லை. தொடக் கூடாது என்ற வழக்கம் அந்த நேரத்திலும் அவளை விடவில்லை. குடம் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. அதை வெட்டியிருக்கவில்லை. இரண்டாவது தடவை மெதுவாகவும் காட்டினார்கள்.

"பாத்தியா, தரை எப்படி மின்னுதுன்னு," என்றார் சித்தப்பா வருத்தமாக. "எண்ணெய் ஊத்தின மாதிரி."

நான் திரும்பினேன். தங்கை பூண்டை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் சாயா போட நான் உள்ளே போனேன். அவளும் வந்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை டம்ளர்களைக் கழுவி அடுக்கினாள்.

"ஒத்திகையிலே கதவுக்கு மேலே ஒரு பச்சை லைட்டு இருந்தது," என்றாள் பிறகு. "அதைப் பாத்துதான் ஆடினேன். ஒண்ணும் ஆகலே. அன்னைக்கும் அதைத்தான் பாத்துட்டு இருந்தேன். அப்போ சித்தப்பா பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. கண்ணு தானா அங்கே போயிடுச்சுக்கா. போனா அது இல்லை. வேற எடத்திலே இருக்கு."

"ஏன் சொல்லலே?"

"யார்கிட்டே?"

"மேஸ்திரிகிட்டே. உன் பிசகு இல்லேன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சா சித்தப்பா இனிமே ராந்தல் தொட மாட்டார்," என்றாள். "நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு."

பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அவள் மனம் மாறும் என்று நினைத்தேன். சரி என்றேன்.

கேமராக்களில் மிச்சமிருந்த பிலிம் முடியட்டும் என்று காத்திருந்து, சித்தப்பா படங்களைக் கழுவிக் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்காகவே எடுத்து வந்து கட்டிலில் பரப்பினார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை வெள்ளையாகப் பளபளத்தது. அதைச் சுற்றி ஒரே கறுப்பு. தூரத்தில் மஞ்சள் கறை மாதிரி மேடை.

"நீ படிச்சவளாச்சே மோளே. இதென்ன இப்படி?"

அவருக்குச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு அடி வரைதான் இந்த வெளிச்சம் வேலை செய்யும். அதற்கு மேல் பரவிப்போய்விடும். சித்தப்பா ஒரு படத்தைத் தூக்கி, ஏதாவது தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நம்ம வெளிச்சம் அவகிட்டே போகவே இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை முந்திக்கொண்டாள்.

"இல்லே சித்தப்பா. வரவே இல்லை."

அவர் படங்களைச் சேர்த்து உறைக்குள் போட்டார். போடும்போது ஓரங்களைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். "பிள்ளையை இருட்டிலே நிக்க வெச்சுட்டோம்," என்றார்.

கமிட்டி கூடியபோதும் அதையேதான் சொன்னார். கோயில் முன்னால் ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பிசகு பெண்ணுடையது அல்ல, வெளிச்சம் கொடுத்தவர்களுடையது, கொடுத்த வெளிச்சம் போதவில்லை, தன் அண்ணன் மகளே சொல்கிறாள், வேண்டுமானால் அவளைக் கேளுங்கள் என்று என் பக்கம் கைகாட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எத்தனை அடி மோளே, சொல்லு."

"பத்துப் பன்னிரண்டு அடி," என்றேன். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். மற்றதைச் சொல்ல விடாமல், தங்கை பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்திருந்தாள். இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை.

"வெளிச்சம் போதாதுன்னா ஆட வேண்டாம்னு இறக்கிட்டிருக்கணும்," என்றார் மேஸ்திரி. "பேசினபடிதானே நடக்கணும்? ஊரு முழுக்கப் பாத்தாச்சு. இந்தத் தடவை மூணாவது வீட்டுப் பொண்ணு எடுக்கட்டும்."

மூன்றாவது வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என் தங்கைக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவள். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, "சேச்சி, எனக்குப் பேடியா இருக்கு," என்று பயந்தபடி சொன்னாள். தங்கை அவளுக்குச் சும்மாடு கட்டும் விதத்தைக் காட்டிக் கொடுத்தாள்.

தங்கையின் மனம் மாறும் என்று எதிர்பார்த்தேன், மாறவில்லை. வேறொன்று நடந்தது. திருவிழாவுக்கு முந்திய நாள் சித்தப்பா வந்து, நான்கு கேமராக்களுக்கும் புதுப் பேட்டரி போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"எதுக்கு சித்தப்பா? ராந்தல் இருக்கே."

"இருக்கட்டும். அன்னைக்கு வெளிச்சம் குறைஞ்சுதான் ஒரு பிள்ளைக்குப் போச்சு. இங்கே பத்தடிக்குள்ளேதானே? நல்லாப் போகும். முன்னாலே ரெண்டு பேர், பக்கத்துக்கு ஒருத்தர்."

"தேவையில்லே சித்தப்பா. ராந்தல் ஒண்ணு போதும். இத்தனை வருஷமா..."

"அன்னைக்கும் போதும்னுதான் நினைச்சோம்," என்றார்.

நான் தங்கையைப் பார்த்தேன்.

மறுநாள் பொழுது சாய்ந்தபோது கரகம் புறப்பட்டது. புதுப் பெண்ணின் முகம் வியர்த்திருந்தது. அவளுக்கு முன்னால் சித்தப்பா ராந்தலைத் தூக்கிப் பிடித்துப் பின்னோக்கி அடி வைத்தார். கோயில் வாசலைத் தாண்டியதும் முதல் பிளாஷ் அடித்தது. ராந்தலில் இருந்த அவள் பார்வை தெறித்து விலகித் திரும்பியது. கரகத்தின் உச்சியில் செருகியிருந்த பொம்மைக் கிளி ஒரு பக்கமாக ஆடி நின்றது. மேளம் முழங்கியதில் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் என் தங்கை இருந்த இடம் காலியாக இருந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் போயிருந்தாள். "அக்கா, என்னை ஒண்ணு எடுங்க," என்றாள்.

"இப்பவா?"

"புடவை புதுசு. வாங்க, அந்தச் சுவரண்டை. எல்லாரும் வாங்க, உங்க கேமராவிலேயும் எடுங்க."

அவர்களுக்கு அவள்மேல் ஏற்கெனவே பரிதாபம் இருந்தது. கேட்டதை மறுக்க முடியவில்லை. மிளகு கிடங்கின் சுவரோரம் அவள் நின்றாள். நான்கு பேரும் ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளைப் பார்த்து நின்றார்கள். ஒவ்வொன்றாக முகத்தில் அடித்தது. அவள் முந்தானையைச் சரிசெய்தாள், தலையைச் சாய்த்தாள், இன்னொன்று என்றாள், உட்கார்ந்தபடி ஒன்று என்றாள். அவர்களுக்குப் பின்னால் கரகம் மெதுவாக ஆடிக் கடந்துகொண்டிருந்தது.

"கரகம் போனாலும் போட்டோ ஆசை போகலே பாரு," என்றாள் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி. "டிவியிலே வந்தவளாச்சே," என்றாள் இன்னொருத்தி. நான் அவர்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லைட்டு எங்கே?" என்று சித்தப்பா கத்தினார். ராந்தல் அவள் கண் மட்டத்தை விட்டு நகரக் கூடாது, அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. "எல்லாரும் எங்கே போனீங்க? வெளிச்சம் குடுங்க." யாருக்கும் கேட்கவில்லை. கரகம் கொச்சங்காடி திருப்பத்தில் மறைந்த பிறகுதான் தங்கை சுவரை விட்டு நகர்ந்தாள். பிலிம் எல்லாம் தீர்ந்திருந்தது.

கரகம் பத்திரமாகத் திரும்பி வந்தது.

திருவிழா நாளில் சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. யார் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"உன்கிட்டே இதை எதிர்பாக்கலே மோளே," என்றார் தங்கையிடம். குரலை உயர்த்தவில்லை. "உனக்கு வெளிச்சம் இல்லாம போச்சு, சரி. அதுக்காக இன்னொரு பிள்ளைக்கும் இல்லாம பண்ணணுமா?"

"புடவை புதுசு சித்தப்பா. அதான்," என்றாள் அவள்.

அவர் போய்விட்டார். அவருக்குப் போட்ட இலையை அம்மா மடித்து எடுத்தாள். தங்கை தன் இலையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் எழுந்து அவர் வீட்டை நோக்கி நடந்தேன். வழியில் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன்: முதலில் அவள் கண்கள், பிறகு பச்சை விளக்கு, பிறகு இன்று. எதிலிருந்து தொடங்கினாலும் அவர் கொடுத்த வெளிச்சத்தில்தான் போய் முடிந்தது.

சித்தப்பா வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னோக்கி நடந்ததில் குதிகாலில் கல் கிழித்திருந்தது.

"என்ன மோளே?"

"ஒண்ணுமில்லே சித்தப்பா," என்றேன். சொம்பை வாங்கி, அவர் காலில் தண்ணீரை ஊற்றினேன்.